ஒரு யுனிட் 58 ரூபா

என்னுடைய கார் 2014ஆம் ஆண்டு நிஸான் லீஃப். ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. ஏதாவது கோளாறு என்றால் இன்றும் ஜப்பானிய மொழியில்தான் திரையில் எழுதும். என்ன எழுதுகிறது என்று எனக்கு விளங்காததால் எங்களுக்குள் சண்டை கிடையாது. புதிதாக இருந்தபோது 24 கிலோவாட் மணி, அதாவது 24 யுனிட், கொண்ட பற்றரி. இப்போது பாவிக்கக் கிடைப்பது 14 அளவில். அம்பிட்டிய மேட்டிலிருந்து கண்டி டவுன், அங்கிருந்து பேராதனை, திரும்பி வீடு. இந்த ஓட்டத்துக்கு அது தாராளம்.

காரைப் பார்க்கும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "ஃபுல் சார்ஜ் பண்ண எவ்வளவு போகும்?" பெற்றோலுக்குச் செட் வாசலில் விலைப்பலகை நிற்கிறது. மின்சாரத்துக்கு அப்படியொரு பலகை இல்லை. வீட்டில் ஒரு விலை, வீதியோரத்தில் ஒரு விலை, இரவில் ஒன்று, மாலையில் ஒன்று. அதனால் ஒரு மாதம் கணக்குக் கொப்பியும் கையுமாகத் திரிந்தேன். முதல் இரண்டு வாரம் வீட்டுச் சார்ஜ் மட்டும், அடுத்த இரண்டு வாரம் வெளியே ஃபாஸ்ட் சார்ஜ் மட்டும்.

வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர் இணைப்பு. ஏழு கிலோவாட் சுவர்ச் சார்ஜர் போடலாமா என்று அக்குறணையிலிருந்து வந்து வயரிங் பார்க்கும் நானாவிடம் கேட்டேன். மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏழு கிலோவாட் என்றால் தனியாகவே 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிறகு ஃப்ரிட்ஜ் எதில் ஓடுவது? ஆகவே சாதாரண 13 ஆம்பியர் பிளக், பத்து ஆம்பியர் கேபிள். அதற்கும் அவர் பழைய சொக்கெட்டை விடவில்லை. "தம்பி, இது கேத்தில் இல்ல, அஞ்சு நிமிசத்துல நிக்கிறதுக்கு. ஏழு மணித்தியாலம் ஒரே மூச்சுல இழுக்கும். இந்த சொக்கெட் உருகிரும்." மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டுத்தான் போனார். அவர் வருவதற்கு முன் ஓர் இரவு அந்தப் பழைய பிளக்கைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை.

பத்து ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை ஏழு மணித்தியாலத்தில் 16 யுனிட் ஏறும். என் காருக்கு ஒரு இரவு போதும். ஆனால் சுவரில் ஓடுவதெல்லாம் பற்றரிக்குள் போவதில்லை. சொக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு சின்ன மீட்டர் செருகிப் பார்த்தேன். சுவரில் 12.4 யுனிட் ஓடியபோது பற்றரிக்குள் போனது 10.8. மிச்சம் காருக்குள் இருக்கும் சார்ஜரின் சூட்டில் போய்விட்டது. எனக்குப் பற்றரியின் ஒரு யுனிட்டுக்கு 6.3 கிலோமீற்றர் கிடைக்கிறது. சுவரின் யுனிட்டுக்கு 5.5 தான். காசு கட்டுவது சுவரின் யுனிட்டுக்கு.

இனிப் பில்லுக்கு வருவோம். பலர் வழுக்குவது இங்கேதான். மாதப் பில்லை யுனிட் எண்ணிக்கையால் பிரித்து, "எனக்கு யுனிட் 44 ரூபாதான் விழுகிறது" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து வரும் சராசரி. காரின் விலை அல்ல. நமது வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. விளக்கும் மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் அடிப்படிகளை முன்பே பிடித்துக்கொள்கின்றன. கடைசியாக வந்த கார் உச்சிப் படியில்தான் உட்கார வேண்டும்.

2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 60 யுனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 யுனிட் 12.75 ரூபா வீதம், 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் ஒவ்வொன்றும் 61. கார் இல்லாமல் என் வீடு 110 யுனிட் பாவிக்கிறது. அதற்கு 1,800 ரூபா, நிலையான கட்டணம் 1,000, ஆக 2,800. கார் மாதம் 150 யுனிட் கேட்கிறது. மொத்தம் 260 யுனிட்டுக்கு 9,380 ரூபா. நிலையான கட்டணமும் படியேறி 2,100 ஆகிவிடுகிறது. மொத்தம் 11,480. வித்தியாசம் 8,680 ரூபா. அதை 150ஆல் பிரித்தால் ஒரு யுனிட் ஏறத்தாழ 58 ரூபா.

கிலோமீற்றருக்குப் பத்தரை ரூபா என்றாகிறது. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், கண்டி நெரிசலில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடும் சாதாரணக் காருக்கு 27 ரூபா ஆகிறது. அந்தக் கணக்கில் லாபம்தான். ஆனால் லீற்றருக்கு 18 கொடுக்கும் ஒரு சின்ன ஹைப்ரிட்டுக்கு ஆகும் செலவு 16 ரூபா 70 சதம். "சும்மா ஓடுது" என்று நான் நண்பர்களிடம் அடித்த பெருமைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் வெளியே. என் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜ் என்றால் ஷடெமோ என்ற ஜப்பானியத் துப்பாக்கி. புதிதாக வரும் சீனக் கார்களுக்கு சிசிஎஸ் 2. ஒரே இயந்திரத்தில் இரண்டும் தொங்கினாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று நம்பிப் போகக்கூடாது. ஒரு நாள் மாலை செயலியில் பச்சைப் புள்ளி காட்டிய ஓரிடத்துக்குப் போனால், ஷடெமோ துப்பாக்கியைப் பொலித்தீன் பையால் கட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு நாள் எனக்கு முன்னால் இரண்டு கார். ஒருவர் 95 வீதத்தில் நின்றுகொண்டு நூறு ஆக்காமல் போகமாட்டேன் என்கிறார்.

அந்தக் கடைசி ஐந்து வீதம்தான் ஃபாஸ்ட் சார்ஜின் மோசமான பகுதி. பற்றரி 80 வீதத்தைத் தாண்டியதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்துவிடும். பஸ் வெறுமையாக இருக்கும்போது ஓடி ஏறலாம். ஆட்கள் நிறைந்தபின் ஒவ்வொருவராக இடம் தேடித்தான் போக வேண்டும், அதுபோல. பழைய பற்றரியில் இந்த மந்தம் இன்னும் முந்தியே தொடங்கும். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் இடமானால் மந்தமான நிமிடங்களுக்கும் நீங்கள் முழு விலை கொடுக்கிறீர்கள். இருபதில் செருகி எண்பதில் கழற்றிவிடுவது நல்லது. லீஃபின் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது என்பதால், ஒரே நாளில் இரண்டாவது தடவை செருகினால் சூட்டில் இன்னும் சோம்பும். கொழும்பை விடக் கண்டியின் குளிர் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது.

விலை? ஒரு எண்ணை இங்கே எழுதினால் அடுத்த கட்டண மாற்றத்தோடு அது பழசாகிவிடும். இடத்துக்கு இடமும் மாறும். அதற்குப் பதில் திரையில் தெரியும் விலையோடு ஒப்பிட ஒரு கோடு தருகிறேன்: 105 ரூபா. பெற்றோல் 300 என்ற கணக்கில், யுனிட் 105ஐத் தாண்டினால் என் லீஃப் அந்தச் சின்ன ஹைப்ரிட்டை விடச் செலவான வாகனம். உங்கள் கார் ஒரு யுனிட்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறதோ அதை 16.70ஆல் பெருக்கினால் உங்கள் கோடு கிடைக்கும். துப்பாக்கியைச் செருகும் முன் போனில் போட்டுப் பார்க்கும் கணக்குத்தான்.

ஃபாஸ்ட் சார்ஜ் விலை கூடியது என்று கோபிக்கும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டணங்கள் ஒரேயடியாக ஏறிய 2022 ஓகஸ்டுக்கு முந்திய காலத்தில், இலங்கை மின்சார சபையின் பட்டியலில் இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நேரவாரிக் கட்டணம் எடுத்த வீட்டுக்காரருக்கு நள்ளிரவு யுனிட் 13 ரூபா. சபையின் சொந்த ஃபாஸ்ட் சார்ஜரில் பகலில் 50, இரவில் 30, மாலை உச்ச வேளையில் 70. அதே மின்சாரம், அதே சபை. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இயந்திரத்தின் விலை, அதற்கான மின்மாற்றி, ஆளில்லாத நேரத்திலும் அது தின்னும் செலவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பெரும்பங்கு நேரத்தின் விலை. மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில், நாடே சோறு சமைத்துத் தொலைக்காட்சி பார்க்கும் வேளையில் காரைச் செருகினால், எண்ணெய் எரித்து எடுத்த மின்சாரத்தைத்தான் குடிக்கிறீர்கள்.

கண்டிக்காரருக்கு மட்டும் ஒரு பிரச்சினை உண்டு: மேடு. நான்கு பேரோடு 1,700 கிலோ எடையுள்ள கார் 500 மீற்றர் உயர, உராய்வு எதுவும் இல்லாவிட்டாலும் 2.3 யுனிட் வேண்டும். கொழும்பிலிருந்து திரும்பும்போது இதில் பெரும்பகுதி மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரே இழுவையாகப் போகிறது. அங்கே டோசன் கோபுரத்தைக் காணும்போது என் திரையில் மிச்சக் கிலோமீற்றர் விழும் வேகத்தைப் பார்த்தால் நெஞ்சு அடிக்கும். நுவரெலியா இன்னும் பெரிய கதை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 1,370 மீற்றர் ஏற வேண்டும். ஏற்றத்துக்கு மட்டும் 6 யுனிட்டுக்கு மேல், தூரத்துக்கு 12. என் பற்றரியில் இருப்பது 14. கம்பளைக்கு அப்பால் எங்காவது செருகாமல் றம்பொடை ஏற முடியாது. அந்த இடத்தில் யுனிட் 105ஐத் தாண்டினாலும் கொடுப்பேன். அது மின்சாரத்தின் விலையல்ல, நடுவழியில் லொறியில் ஏற்றிக்கொண்டு வரும் செலவைத் தவிர்ப்பதற்கான விலை.

இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மேட்டில் வீடு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் நூறு வீதம் நிரப்பிவிட்டுக் காலையில் அம்பிட்டியவிலிருந்து இறங்கினால், நிரம்பிய பற்றரி எதையும் வாங்காது. பிரேக் மட்டும் தேயும். நான் தொண்ணூறில் நிறுத்திவிடுகிறேன். இறக்கம் சும்மா தருவதற்கு எதற்கு 58 ரூபா?

எங்கள் ஒழுங்கையின் முனையில் இருக்கும் அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 2016இல் அரசின் சூரிய சக்தித் திட்டம் தொடங்கிய கையோடு கூரையில் பலகை போட்டவர். மிஞ்சும் யுனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா கிடைத்தது, அதன்பின் 15.50. இப்போது அவர் விற்பது 15.50க்கு. விற்காமல் அதே யுனிட்டைத் தன் புது பிவைடி மின்காரில் ஏற்றினால் அவர் இழப்பதும் அந்த 15.50 தான். என் காரை அவர் வீட்டில் செருகினால் கிலோமீற்றருக்கு மூன்று ரூபாவுக்கும் குறைவு. கேட்டுப் பார்த்தேன். "தேத்தண்ணி குடிக்க வாங்க" என்றார். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைப் பலகைகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்ட நாடு இது. அந்த மத்தியான வெயிலில் வீதியோரச் சார்ஜரை மலிவாகத் திறந்துவிட்டிருந்தால், கண்டிக்கு வந்த கார்க்காரரெல்லாம் ஓடி வந்திருப்பார்கள்.

எங்கள் கீழ்வீட்டு எனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் இளைஞர். போன மாதம் அவரும் ஒரு பழைய லீஃப் வாங்கிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். "அண்ணா, கேபிளை இங்கே செருகலாமா? பில்லில் என் பங்கைத் தருகிறேன்" என்றார். சராசரியில் பார்த்தால் 44. ஆனால் என் கார் ஏற்கெனவே 61இல் உட்கார்ந்திருக்கிறது. அவருடையது அதற்கும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். கணக்குக் கொப்பியைக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து வாசித்தார். போனை எடுத்து எதையோ பெருக்கினார்.

"வெளியே 105 வரைக்கும் குடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீங்கள்."

"ஓம்."

"அப்ப 61 சரி. ஆனா திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மற்ற இரவு உங்களுக்கு."

நானாவுக்குக் கோல் எடுத்திருக்கிறேன். இரண்டாவது சொக்கெட் வேண்டாம், ஒன்றே போதும், கேபிளை மட்டும் கொஞ்சம் நீளமாக வாங்கச் சொன்னார்.