மத்தி மீனும் செல்பேசியும்

1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலை. வட கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள், பிடித்து வந்த மத்தி மீனை வாங்குவாரின்றிக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த சோம்பாலா, கொயிலாண்டி ஆகிய துறைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிப் போக இருந்தனர். மீன் ஓரிடம், வாங்குவோர் வேறிடம். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது. அப்போது அங்குச் செல்பேசி வரவில்லை.

இக்காட்சியைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர். அவருடைய ஆய்வுக் கட்டுரை 2007இல் வெளிவந்தது. செல்பேசியும் சமுதாயமும் என்ற பொருளில் கல்லூரி மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்வது அதன் முடிவை மட்டுமே. முடிவுக்கு அவர் வந்த வழியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முத்தை விட்டுவிட்டுச் சிப்பியைப் பொறுக்கி வந்த கதைதான்.

வழி என்ன? கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளையும் 300 மீன்பிடிப் படகுகளையும் அவர் தேர்ந்துகொண்டார். 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் விலை, பிடிபட்ட அளவு, விற்ற இடம் ஆகியவை குறிக்கப்பட்டன. இவ்விடைக்காலத்தில் செல்பேசி கோழிக்கோட்டுக்கு 1997இலும், கண்ணூருக்கு 1998இலும், காசர்கோட்டுக்கு 2000இலும் வந்து சேர்ந்தது. கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் அலைவரிசை எட்டியதால், படகில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்க முடிந்தது.

மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் செல்பேசி வந்திருந்தால் இந்த ஆய்வுக்கு அவ்வளவு வலிமை இராது. விலை மாறியதற்குக் காரணம் மழையா, டீசல் விலையா, செல்பேசியா என்று யார் சொல்ல முடியும்? கோழிக்கோட்டில் துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு சுருங்கியபோது, செல்பேசி வராத காசர்கோட்டில் அது பழையபடியே இருந்தது. பிறகு அங்கும் செல்பேசி வந்ததும் அங்கும் சுருங்கியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவைக்கு மருந்திட்டு, இன்னொன்றை ஒப்பிடுவதற்காக மருந்திடாமல் வைக்கிறோம் அல்லவா? அதே முறை கடற்கரையில் தானாக அமைந்துவிட்டது. முன்பு நாள்தோறும் 5 முதல் 8 விழுக்காடு மீன் விற்காமல் வீணானது. அது அறவே நின்றது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்கி உண்போருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது.

இவை மறுக்க முடியாத அளவைகள். ஆயினும் இவை மூன்று மாவட்டங்களின் மத்தி மீனுக்கு, அந்த ஐந்து ஆண்டுகளுக்கு உரியவை. ஜானகி சீனிவாசன், ஜென்னா பரல் ஆகிய இருவரும் கேரள மீனவர்களிடம் மீண்டும் சென்று ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செல்பேசியில் விலை கேட்டுத் துறை மாறும் பழக்கம் எங்கும் உள்ள பொதுவழக்கமல்ல என்பதே அவர்கள் கண்டது. மீன்பிடிக்கும் முறையையும் துறையின் விற்பனை ஏற்பாட்டையும் பொறுத்து அது வேறுபட்டது. இதில் வியப்பில்லை. முன்பணம் கொடுத்தவரிடமே மீனை இறக்க வேண்டிய ஒருவருக்குப் பக்கத்துத் துறையின் விலை தெரிந்து என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012இல் கேரளக் கரையில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் அது சில ஆயிரம் டன்னாக விழுந்தது. கடலில் மீனே இல்லாதபோது எந்தக் கருவியும் நல்ல விலை தேடித் தராது. கருவியைப் பற்றி ஆராய்பவர்கள் கடலையும் பார்க்கத்தான் வேண்டும்.

நம் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வருவோம். அவற்றில் காணும் பெருங்குறை, வினாப்பட்டியலையே ஆய்வு என்று கருதுவதாகும். "மின்னணுச் சேவைகளால் நீங்கள் பயனடைந்தீர்களா?" என்று ஒரு படிவம் தயாராகிறது, அது நண்பர்களின் செல்பேசிக்கே அனுப்பப்படுகிறது. நூறு பேர் விடையளிக்கின்றனர். தொண்ணூறு பேர் ஆம் என்கின்றனர். செல்பேசி இல்லாதவருக்கு வினாவே போய்ச் சேரவில்லை! கிணற்றருகே நின்று, நீர் மொள்ள வந்தவர்களை மட்டும் கேட்டு, ஊரில் தண்ணீர்ப் பஞ்சமில்லை என்று எழுதுவது போன்றது இது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே தாமே பயன்படுத்தும் செல்பேசி உடையவர்கள். மீதிப் பாதியினர் அப்படிவத்தில் எங்கே இருக்கிறார்கள்?

குற்றம் மாணவருடையது மட்டுமன்று. மூன்று மாதத்தில் ஆய்வேட்டை முடித்துக் கொடு என்று கேட்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் ஜென்சனின் முறையைச் சிறிய அளவில் கையாள மூன்று மாதம் போதும். தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம், விடியற்காலையில் எழும் பழக்கம், கொஞ்சம் பொறுமை. பக்கத்தில் உள்ள இரண்டு உழவர் சந்தைகளில் தக்காளி விலையை ஒரே நேரத்தில் நாள்தோறும் குறித்து வந்தால், எந்த வினாப்பட்டியலும் தராத செய்தி அதில் கிடைக்கும்.

கேட்கும் வினாவையும் மாற்றலாம். யூபிஐ 2016இல் வந்தது. இன்று தெருவில் மீன் விற்கும் அம்மாவின் கூடையருகிலும் பணம் பெறும் சதுரக் குறியீட்டு அட்டையைக் காண்கிறோம். "பயன்படுத்துகிறீர்களா?" என்று அவரைக் கேட்க வேண்டியதில்லை, அட்டையே விடை சொல்கிறது. அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகிறது, அவருடையதா மகனுடையதா? வந்துவிட்டது என்பதை அவருக்கு யார் படித்துச் சொல்கிறார்கள்? மறுநாள் விடியலில் துறைமுகத்தில் சரக்கெடுக்க ரொக்கம் வேண்டுமானால் அவர் யாரிடம் போய் நிற்கிறார்?