கோவலன் உள்ளம்

சிலப்பதிகாரம் கற்போருட் பலர் கோவலனை மன்னிப்பதில்லை. கண்ணகியின் கற்பையும், பிழையுணர்ந்த கணமே உயிர்நீத்த பாண்டியனின் நீதியையும் வியந்து பேசுவோர், கோவலனைக் குலப்பொருள் தொலைத்தவன் என்ற அளவில் ஒதுக்கிவிடுவர். அவன் அத்துணை எளியனாயின் அவனது சாவு கற்பார் நெஞ்சை ஏன் வருத்துகின்றது என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

இளங்கோவடிகள் கோவலனின் நற்செயல்களை முதலிற் கூறினாரல்லர். கொலைக்களத்திற்குச் சற்று முன்னர், அடைக்கலக் காதையிலேதான் மாடலன் என்னும் மறையோன் வாயிலாக அவை வெளிப்படுகின்றன. மதயானையின் கையகப்பட்ட முதிய அந்தணனை அவன் மீட்டான். கீரியைக் கொன்ற பழியாற் கணவனாற் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குப் பொருள் ஈந்து, பிரிந்த இருவரையும் கூட்டிவைத்தான். பொய்க்கரி கூறிப் பூதத்தின் பாசத்திற் சிக்கிய ஒருவனுக்காகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வந்தான்; பூதம் அதனை ஏலாது அவனைப் புடைத்துண்டபின், அவன் சுற்றத்தாரைப் பல்லாண்டு புரந்தான்.

கொலைக்குமுன் இரக்கத்தை ஈட்டுதற்குப் புலவர் செய்த ஒட்டுவேலை இதுவென்பாரும் உளர். மூன்று செயல்களையும் ஓரிடத்தில் அடுக்கியமையால் அவ்வையத்திற்கு இடமுண்டு. மாடலன் கதை சொல்வதினும் புகழ்மாலை தொடுப்பதிலேயே விரைகின்றான். ஆயினும் அச்செயல்களின் இயல்பை நோக்கின் ஐயம் நீங்கும். யானைமுன் பாய்ந்தவன் எண்ணிப் பாய்ந்தானல்லன். பொய்யனென்று அறிந்தும், அவன் தாயின் துயர் கண்ட அளவில் உயிரையே நீட்டினான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையைக் கூனி கையில் வாங்கி, அன்றே மாதவி மனை புகுந்ததும் அவ்வுள்ளந்தான். கடற்கரையில் அவள் பாடிய கானல்வரியைக் கேட்டு, ஒரு வினாவும் வினவாது எழுந்து போனதும் அதுவே. கொடையும் பிழையும் ஓர் ஊற்றிற் பிறந்தவை. பிறன் மனைவியைக் கணவனோடு சேர்த்தவன் தன் மனைவியைத் தனித்திருக்க விட்டான்; புலவர் இம்முரணைத் தெரிந்தே வைத்தார் எனல் தகும். மக்களை நல்லோர், தீயோர் என இரு கூறாக்குதல் நீதிநூலுக்கு எளிது. காப்பியம் அவ்வாறு செய்யுமாயின் உண்மையை இழக்கும்.

அவன் திருந்தியமையும் அவ்வியல்பினதே. மதுரை செல்லும் வழியிற் கோசிகன் தந்த மாதவியின் ஓலையைப் படித்ததும், தவறு தன்னதே என உணர்கின்றான். அவள் எழுதிய சொற்கள், தான் பெற்றோர்க்கு விடுக்கவேண்டிய ஓலைக்கும் பொருந்துவன என்று கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். தன் பிழையைச் சொல்லத் தனக்கெனச் சொல்லில்லாத மகனை இதனினும் நுட்பமாகக் காட்டுதல் அரிது. நூலைப் போற்றுவோரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவது வியப்பே.

ஊடிய தேவியை நாடி விரைந்த பாண்டியன், பொற்கொல்லன் கூற்றையே சான்றாகக் கொண்டு கொலைக்கு ஆணையிட்டான். ஒரு பாட்டைக் கேட்டு மாதவிக்குத் தீர்ப்பளித்தவனுக்கு, ஒரு சொல்லைக் கேட்ட அரசன் தீர்ப்பளித்தான். மதுராபதித் தெய்வம் நீலியின் சாபத்தைக் காரணமாகக் கூறும். ஊழ்வினையில் உறுதிகொண்ட அக்காலத்திற்கு அது வேண்டியதாகலாம். கோவலனை அறிந்தவர்க்கு அவன் பண்பே போதும்.

பொற்கொல்லனைச் சந்திக்கும் இடத்தை மீளப் படிப்பார்க்கு இது விளங்கும். கோவலன் வணிகர் குடியிற் பிறந்தவன். எனினும் கொல்லர் நூற்றுவர் பின்வர நடந்த ஒருவனின் தோற்றத்தைக் கண்டே நம்பி, அரசமாதேவிக்கேற்ற சிலம்பொன்றுக்கு விலையிட வல்லனோ என வினவிப் பொதியை அவிழ்க்கின்றான். தன் குடிலருகே இருக்குமாறு கொல்லன் கூற, ஒரு வினாவும் இன்றி அங்குச் சென்று இருக்கின்றான்.