பொருந்தாத வரி எங்கே போகிறது?

பைத்தானின் ரீஜெக்ஸில் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்’ என்று எழுதி, உத்திரமேரூர் என்ற பெயரில் சொற்களைத் தேடச் சொன்னேன். உத, த, ரம, ர, ர என ஐந்து துண்டுகள் வந்தன. பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ மாட்யூல் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே சொல்லின் உறுப்பாக ஏற்கும். நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் வேறு வகை. அவை வரும் இடமெல்லாம் சொல் அறுபடும்.

பொருத்தம் கிடைக்காதபோது பைத்தான் ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் தருகிறது. அதைச் சோதிக்காமல் ‘குரூப்’பை அழைத்தால் அட்ரிபியூட் எரர் வந்து நிரல் நின்றுவிடும். நிற்பதே நல்லது. பெர்லில் ஊர்ப்பெயர் பொருந்தி, அடுத்து அஞ்சல் குறியீடு பொருந்தாமல் போனால், ‘டாலர் ஒன்று’ மாறியில் ஊர்ப்பெயரே தங்கியிருக்கும். கவனிக்காதவர் அதையே குறியீடாகப் பதிந்துவிடுவார்.

எல்லாவற்றையும் ட்ரை-எக்செப்டுக்குள் போட்டு, எந்தப் பிழை வந்தாலும் ‘பாஸ்’ என்று விடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி விட்டால், நிரல் தொகுக்கும் பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயர் உதிர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

தமிழுக்குப் பெரிய ஆபத்து பாதி வெற்றி. ‘மேட்ச்’ முதல் துண்டான ‘உத’வைப் பிடித்து வெற்றி என்கிறது, ‘நன்’ சோதனையும் அதைத் தடுக்காது. பைத்தான் 3.4 பதிப்பில் வந்த ‘ஃபுல்மேட்ச்’ அதே பெயருக்கு ‘நன்’ தருகிறது. தவறு பேட்டர்னில் இருப்பது அப்போதுதான் தெரியவரும். தமிழ் யூனிகோடு வரம்பை நேரே எழுதியோ, தனியாக நிறுவும் ‘ரீஜெக்ஸ்’ மாட்யூலைக் கொண்டோ திருத்தலாம். ஊர்ப்பெயருக்கே உத்திரமேரூர், உத்தரமேரூர் என இரு வழக்குகள் உண்டு. பொருந்தாத வரிகளைச் சேர்த்து வைத்தவருக்குத்தான் இரண்டாவது வழக்கு கண்ணில் படும்.

இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு தகுதியுள்ளவரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் என யார் பெயர் ஓலையில் இடம்பெறக் கூடாது என்பதையும் காரணத்தோடு எழுதிவைத்தது. நம் நிரல்களிலும் அந்தப் பகுதி வேண்டும்.

என் தீர்ப்பு இது: பெயர், முகவரி போன்ற முழுப் புலங்களுக்கு ‘ஃபுல்மேட்ச்’; உடனே ‘நன்’ சோதனை; தோற்ற வரியை அதன் வரி எண்ணோடு தனிக் கோப்பில் சேமிப்பது. அந்தக் கோப்பை ஒரு மனிதர் படித்து முடிக்கும்வரை பட்டியலை வெளியிடாதீர்கள்.