முன்னாள் அதிகாரி: சாட்சியா, ஜோசியரா?

'தி ஃபாக் ஆஃப் வார்' (2003) ஆவணப்படத்தைப் பார்த்தால் ராபர்ட் மெக்னமாரா மேல் ஒரு மரியாதை வந்துவிடும். வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், எண்பத்தைந்து வயதில் கேமராவைப் பார்த்துத் தவறுகளைப் பேசுகிறார். ஆனால் படத்தின் முடிவில் இயக்குநர் எரோல் மோரிஸ் ஒன்று கேட்கிறார்: பதவியை விட்டு வந்த பிறகாவது போரை எதிர்த்து ஏன் பேசவில்லை? மனுஷன் நழுவிவிடுகிறார்.

எனக்கு மொத்தப் படமும் அந்த நழுவலில்தான் இருக்கிறது. குண்டுவீச்சை நிறுத்தலாம் என்று 1967 நவம்பரிலேயே அதிபர் ஜான்சனுக்குக் குறிப்பு எழுதியவர் அவர். 1968 பிப்ரவரியில் விலகி, உலக வங்கித் தலைவரானார். அந்தப் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு செத்தவர்கள். வியட்நாமியர் கணக்கு பல லட்சம். தவறு என்று அவர் எழுதிய புத்தகம் வந்ததோ 1995இல்.

அவருடைய துறையிலேயே வேலை பார்த்த டேனியல் எல்ஸ்பெர்க் காத்திருக்கவில்லை. மெக்னமாரா தயாரிக்கச் சொன்ன ரகசிய ஆவணங்களையே பத்திரிகைக்குக் கொடுத்தார். 1971இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவை வெளிவந்தன. 115 வருஷம் வரை சிறை என்ற நிலையில் வழக்கைச் சந்தித்தார். 1973இல் வழக்கு தள்ளுபடியானது.

சரி, பேசுகிற முன்னாள் அதிகாரியை எல்லாம் நம்பிவிடலாமா? ஐ.நா. ஆயுத ஆய்வாளராக இருந்த ஸ்காட் ரிட்டர், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2003 படையெடுப்புக்கு முன்பே சொன்னார். அதுதான் உண்மையானது. ஏனென்றால் அவர் அங்கே நேரில் போய்ச் சோதித்தவர். அதே ரிட்டர் 2022 முதல் உக்ரைனின் தோல்வி உறுதி என்று சொல்லிவருகிறார். இங்கே அவர் சோதித்துப் பார்த்தது எதுவுமில்லை. பதவியில் இருந்தவர்கள் மட்டும் என்ன, உளவுத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டே, கீவ் சில நாட்களில் விழலாம் என்று கணித்தார்கள். விழவில்லை.

பார்த்ததைச் சொல்வது சாட்சியம். நடக்கப்போவதைச் சொல்வது ஜோசியம். பழைய பதவி முதலாவதுக்குத்தான் பலம் சேர்க்கும். யூடியூபில் ஓய்வுபெற்ற ஒரு ஜெனரலோ தூதரோ போரை அலசும்போது, 'நீங்க அங்க எதைப் பார்த்தீங்க?' என்று மனசுக்குள் கேட்டுப் பார்ப்போம். பதில் இருந்தால் கவனமாகக் கேட்கலாம். இல்லையென்றால் அவரும் நம்மை மாதிரி செய்தி பார்க்கிறவர்தான்.