கண்ணீர்ப்பைக் காசநோய்: ஒரு புட்டி போதாது

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. உள்மூலையில் வீக்கம், அழுத்தினால் சீழ். கண்ணீர்ப்பாதை அடைப்பு என்று, கண்ணீர்ப்பையிலிருந்து மூக்கினுள் புதுவழி அமைக்கும் டிசிஆர் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும். வெகு சிலருக்கு மட்டும் அடைப்பின் பின்னால் காசநோய் இருக்கும். கண்ணீர்க் குழாய் மூக்கினுள் திறப்பதால், மூக்கில் தொடங்கும் தொற்று மேலேறிக் கண்ணீர்ப்பையை எட்டக்கூடும். நுரையீரல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை, கிருமி எப்போதோ உடலில் நுழைந்ததைச் சொல்லுமே தவிர, இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்லாது.

ஆகவே நம்பிக்கை முழுவதும், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் மேல் விழுகிறது. அதன் பலம் பெரியது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மூக்கிலும் கண்ணீர்ப்பையிலும் வரும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற சதை வளர்ச்சித் தொற்றை நுண்ணோக்கி உடனே காட்டிக்கொடுத்துவிடும். புற்றுநோயையும் பிரித்தறியும். காசநோயில் வழக்கமாகக் காணும் திசு அழிவோடு, அழற்சி செல்களின் திரளான கிரானுலோமா தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் கிரானுலோமா காசநோய்க்கு மட்டும் சொந்தமல்ல. தொழுநோய், சார்காய்டோசிஸ், சில பூஞ்சைத் தொற்றுகள் ஆகியவற்றிலும் அது வரும். கிருமியையே கண்டுவிடலாம் என்றால், சாயமேற்றிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். இந்தத் திசுக்களில் கிருமிகள் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை.

பெரிய குறை அறுவை அரங்கிலேயே நேர்கிறது. துவரம்பருப்பு அளவுத் திசுவை எடுத்து, வழக்கப்படி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். அங்கே கிருமி செத்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. மரபணுச் சோதனையும் பலம் இழக்கும். பாதியை சலைனில் போட்டு அனுப்பியிருந்தால், சிபிநாட் என்ற மரபணுச் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் சொல்லக்கூடும். அதில் இல்லை என்று வந்தாலும் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. 42 நாள் வரை காத்திருக்கும் திரவக் கல்ச்சர் அதனால்தான் தேவை.

எல்லாக் கண்ணீர்ப்பைகளையும் இப்படிச் சோதிப்பது வீண் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பெரும்பாலானவை சாதாரண அழற்சிதான். ஆனால் மூக்கில் ஆறாத புண், எளிதில் ரத்தம் கசியும் சதை, அறுவைக்குப் பின் மீண்டும் அடைப்பு, வீட்டில் யாருக்காவது காசநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஃபார்மலினுக்கு ஒன்று, சலைனுக்கு ஒன்று என இரண்டு புட்டிகள் எடுத்துவைக்க வேண்டும். ஆய்வகம், கேட்டதைத்தான் தேடும். விண்ணப்பப் படிவத்தில் காசநோய்ச் சந்தேகம் என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. எழுதாமல் விட்டால், மாத்திரையால் ஆறவேண்டிய நோய்க்கு இன்னொரு அறுவை நடக்கக்கூடும்.