அலுவிகாரையின் கலைக்கூடமும் அன்றாட வாழ்வும்

கலை மக்களின் வாழ்விலிருந்து பிறக்கின்றது என்பது முற்போக்காளர் அனைவரும் ஒப்பும் உண்மை. ஆனால், பிறந்த கலை யாரைச் சென்றடைகின்றது, அதனை ஆக்கிய கைகளுக்கு என்ன மதிப்புக் கிட்டுகின்றது என்னும் கேள்விகள் அதே அழுத்தத்துடன் எழுப்பப்படுவதில்லை. மாத்தளை மாவட்டத்து அலுவிகாரையில் எனா டி சில்வா (1922–2015) ஆற்றிய பணி, இக்கேள்விகளை நம்முன் வைக்கின்றது.

எனா செல்வாக்கு மிக்க நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தவர். இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை அவருடைய தந்தை. 1960களில் கொழும்பில் மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனநாயக்க ஆகியோருடன் சேர்ந்து பத்திக் கலையில் இறங்கினார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பென்தோட்டை ஹோட்டலின் கூரையை அவருடைய பத்திக் துணிகள் அலங்கரித்தன. 1980களில் அவர் தம் முன்னோர் ஊரான அலுவிகாரைக்கு மீண்டு, பத்திக், தையல் வேலை, பித்தளை வார்ப்பு, மரவேலை ஆகிய பலவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தார். அக்கலைக்கூடத்தில் உழைத்தோரிற் பலர் அயற் கிராமத்துப் பெண்கள்.

பத்திக் பொறுமையை வேண்டும் தொழில். உருக்கிய மெழுகினால் துணியிற் கோலமிட்டு, அதனைச் சாயத்தில் தோய்க்க வேண்டும். மெழுகு மூடிய இடம் சாயத்தை ஏற்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். இறுதியிற் கொதிநீரில் மெழுகை அகற்றினாலே சித்திரம் முழுமையாக வெளிப்படும். இதில் வரைபவரின் கற்பனையும் மெழுகிடுபவரின் கைத்திறனும் பிரிக்க முடியாதவை. விகாரைக் கொடியையும் கிராமத்துத் துணியையும் கண்ணாடிப் பேழையில் அடைக்காமல், இன்றைய வாழ்வில் இடம்பெறச் செய்தது எனாவின் சாதனை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகாமலே பெண்கள் தம் கையால் ஊதியம் ஈட்ட வழி செய்தமை அதனினும் பெரிது.

ஆயினும் விமர்சனம் இங்கே நின்றுவிடலாகாது. கிராமத்து அன்றாடத்திலிருந்து எழுந்த அழகு, பெரும்பாலும் ஹோட்டல் மண்டபங்களையும் வசதி படைத்தோர் இல்லங்களையுமே சென்றடைந்தது. எனாவின் பெயரைக் கலை வரலாறு அறியும். மெழுகிட்ட பெண்களின் பெயர்களை அது அறியாது. இது தனியொருவரின் குறையன்று. சிந்திப்பவரைக் கலைஞர் என்றும், செய்பவரைக் கூலியாள் என்றும் பிரித்து வைத்த சமூக அமைப்பின் குறையாகும்.

மற்றுமொரு கேள்வியும் உண்டு. மாத்தளையின் அன்றாடம் என்பது யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர், இம்மாவட்டத்தின் மலைகளைக் கோப்பியும் தேயிலையும் விளையும் தோட்டங்களாக்கினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவர்தம் வாழ்வின் சாட்சியாக நிற்கின்றது. அவர்களிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அலுவிகாரைக் கலைக்கூடம் போற்றிய மரபு முதன்மையாகக் கண்டிச் சிங்கள மரபே. கொழுந்துக் கூடையும் லயத்து அடுப்பும் ‘மரபு’ என்னும் சொல்லுக்குள் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி மலையகத்திலிருந்தே எழுந்துள்ளது. ஹட்டனைச் சேர்ந்த ஓவியை ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேநீர் வடிகட்டியையும் தம் படைப்புக்குரிய பொருள்களாக்கியுள்ளார். இங்கே கறை வெறும் நிறமன்று, உழைப்பின் சுவடு. எந்தப் பொருள் ஒரு மக்கட்கூட்டத்தின் முதுகை வளைத்ததோ, அதே பொருள் அவர்தம் கதையைச் சொல்லுகின்றது. எனா கிராமத்தின் கைத்திறனுக்கு மதிப்புத் தேடினார். ஹனுஷாவோ உழைப்பையே பேச வைக்கின்றார்.

ஆகவே, எனாவின் பணியைப் புறக்கணித்தல் நம் நோக்கமன்று. அதன் பயனை ஏற்று, அது நின்ற இடத்திலிருந்து மேலே செல்லல் வேண்டும். கைப்பணிக் கூடங்களில் உழைக்கும் பெண்களின் பெயர்கள் படைப்புகளுடன் பொறிக்கப்படுதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளின் சித்திர வகுப்புகளில் மாணவர் தம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே படைக்க ஆசிரியர்கள் ஊக்குவித்தல் வேண்டும். ஒரு துணியின் அழகை வியக்கும் மாணவன், “இதைச் செய்தவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது?” என்றும் கேட்கப் பழகுவானாயின், மாத்தளையில் மக்கள் கலைக்கு வலுவான அடித்தளம் அமையும்.