சம்மாங்கோட்டுப் பள்ளியும் எங்கட டைல்ஸும்

கலையில் ஒருமை என்றதும் தவ்ஹீதோடு முடிச்சுப் போடுவது நம்மில் வழக்கம். இஸ்மாயில் ராஜி அல்-ஃபாரூக்கி அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் டைல்ஸ் பதிக்கும் மேசனிடம் அதைச் சொல்லி என்ன செய்ய?

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். ஜாமிஉல் அல்ஃபார், நம்மவர் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி, 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. வரைந்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை கட்டடக்கலை படித்தவரல்ல. பட்டைக்கோடு, சதுரக்கட்டம், முறுக்குத் தூண், மாதுளம்பழக் குவிமாடம், போதாததற்கு ஒரு மணிக்கூண்டு. ஒன்றோடொன்று சேரவே கூடாத சாமான்கள். சேர்ந்துதான் நிற்கின்றன. சிவப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறம் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதல்ல ஒருமை. ஒன்றையாவது கடைசிவரை கைவிடாமல் இருப்பது.

கொர்தோபா பள்ளி இன்னும் பெரிய சாட்சி. 785இல் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியதை 200 வருடமாக ஆள் மாறி ஆள் பெருப்பித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்த ஈரடுக்கு வளைவை விடவில்லை. கடைசியாகக் கட்டிய அல்-மன்சூர், செங்கல்லுக்குப் பதில் கல்லில் சிவப்புச் சாயம் பூசியாவது அதைத் தொடர்ந்தார்.

இனி எங்கட அடம்பன் பக்கம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்து திரும்பிய ஊரொன்றில் புதிதாக எழுந்த பள்ளியைச் சொல்கிறேன். முன்வாசலில் ஒரு தூணுக்குப் பச்சை டைல்ஸ், பக்கத்துத் தூணுக்கு மாபிள் மாதிரி, அடுத்ததுக்குப் பூப்போட்டது. யன்னல் அலுமினியம், கதவு தேக்கு. கண் எங்கேயும் தங்குதில்ல. மேசனில் பிழையில்லை. புத்தளத்தில் தங்கிவிட்டவர் ஒரு தூண், கட்டாரில் இருப்பவர் ஒரு தூண், கொழும்புக் கடைக்காரர் ஒரு தூண் என்று பொறுப்பெடுத்தார்கள். அவரவர் டைல்ஸை அவரவரே தெரிந்தெடுத்தார்கள். சிதறிப்போன ஊர் அப்படியே சுவரில் தெரியுது. அதுவும் ஒரு சரித்திரம்தானே என்று கூட்டாளி ஒருவர் வாதாடினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சிதறினதைக் காட்டவா திரும்பி வந்து கட்டினோம்? காசு சேர்க்க முதல் நிறத்தையும் டைல்ஸ் அளவையும் ஜமாஅத்தில் பேசி முடித்திருந்தால், அதே ஆட்கள் அதே காசைத் தந்திருப்பார்கள்.

பழைய பள்ளியின் சுவர்த் துண்டொன்று பின்பக்கம் இன்னும் இடிபடாமல் நிற்குது, ஒரு சின்ன வளைவோடு. மினாராவுக்கு இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை. வெட்ட முதல் யாராவது அந்த வளைவை ஒருக்கா அளந்து பாருங்க.